கயிறு இழுக்கும் காலம்

இங்கிலாந்தில் வசந்தம் வந்ததைக் குயில் அறிவிக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் அந்த வேலையைப் பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. சரியாகச் சொன்னால், கிளம்ப மறுக்கும் இன்ஜினின் கயிற்றை அவர் இழுக்கும் சத்தம்.

இழுப்பார். கர்ர். மறுபடி இழுப்பார். சோக்கைப் போடுவார், எடுப்பார், திரும்பப் போடுவார். பெட்ரோல் வாடை வேலி தாண்டி வந்துவிட்டால், பிளக் நனைந்துவிட்டது என்று பொருள். அதைக் கழற்றித் துடைத்து, சற்று நேரம் சும்மா விட்டால் போதும். சும்மா விடுவதா? ஆண்மைக்கே இழுக்கல்லவா!

குற்றவாளி பெரும்பாலும் போன அக்டோபரில் டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல்தான். 2021 முதல் இங்கே விற்கும் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பெட்ரோல், கார்புரேட்டரின் நுண்ணிய ஜெட்டில் பிசினாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பழையதை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, புதுசு ஊற்றினால் பாதி வழக்கு தீர்ந்தது. மனிதர் அதை மட்டும் செய்யமாட்டார். ஏர் ஃபில்டரை மாற்றுவார். மாற்றியது பளிச்சென்று தெரியுமே.

1830-இல் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டிக்கு இன்ஜினே கிடையாது. தள்ளினால் வெட்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று அதன்மேல் யாரும் பழி போட்டிருக்க முடியாது.

இன்றைக்குக் கைப்பிடியில் உள்ள பாதுகாப்பு லீவரை அழுத்தாமலே இழுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பிடிக்காமல் இன்ஜின் ஓடாது. சொல்லலாம்தான். சொன்னால் கிளம்பிவிடும், என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்னாவது?