பொம்பாவுக்கு ஆள் எடுத்த கதை

தீ பேராக்கின் ஆயர் தாவாரில் பிடிக்கும். அதை அணைக்க வருகிற பொம்பாக்காரருக்கு வேலைக் கடிதம் புத்ராஜெயாவிலிருந்து வர வேண்டும்.

1883-ல் கோலாலம்பூரில் பெல்லமி என்ற வெள்ளைக்காரர் பதினைந்து தொண்டர்களைச் சேர்த்துத் தீயணைப்புப் படை தொடங்கியபோது இந்தத் தலைவலி இல்லை. ஓடத் தெரிந்தால் போதும். தீயை விடக் கச்சேரி நாற்காலிதான் ஆபத்தானது போலும்: மலாயா சிவில் சர்வீசில் அமர, தாய் தகப்பன் இருவழியிலும் ஐரோப்பிய இரத்தம் வேண்டுமென்று 1904-ல் விதி போட்டார்கள்.

ரப்பர் தோட்டத்தில் இன்னும் சுலபம். கித்தா ஷீட்டை விறகுப் புகையில் நாள்கணக்கில் உலர்த்துவார்கள். எரியக்கூடிய சரக்குக்குக் கீழேயே தீ மூட்டும் இந்த மேதைத்தனத்தால் புகைவீடு எரிந்தால், காலையில் பெரட்டில் ஆள் கணக்குக்கு நின்றவனெல்லாம் பொம்பாக்காரன். நேர்முகத் தேர்வு கங்காணியின் கத்தல். சீருடை கட்டியிருந்த கைலி.

பிறகு ஈப்போ அரசியலுக்குச் சீனிவாசகம் சகோதரர்கள் வந்தார்கள். டி.ஆர்., எஸ்.பி. இருவரும் வக்கீல்கள். நாட்டைக் கூட்டணி ஆள, ஈப்போ நகராட்சியை இவர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஆண்டது. தீயணைப்பு அப்போது மாநிலங்கள், ஊராட்சிகள் கையில். உள்ளூர் கை என்றால் மச்சானுக்கும் ஒரு குழாய் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மச்சான் குழாயைக் கீழே போட்டால், அடுத்த தேர்தலில் மாமனை வீட்டுக்கு அனுப்பலாம்.

அந்த வசதி 1965-ல் போயிற்று: ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு ஊராட்சிகளை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம்ம ஆள், ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்று ஆணையம் அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் அதை மரியாதையாக வாங்கி, மரியாதையாக வைத்துவிட்டது. 1976 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் தீயணைப்பு வண்டிகள் கூட்டரசுக்குப் போயின. அதே ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டது. ஓட்டும் குழாயும் ஒரே வருஷத்துக் கணக்கில் முடிந்தன.

இப்போது பொதுச் சேவை ஆணையம் ஆள் எடுக்கிறது. எஸ்பிஎம் சான்றிதழ், மலாய்மொழித் தேர்ச்சி, உயரம், எடை, ஓட்டம் என எல்லாம் பார்க்கிறார்கள். மச்சானுக்கு இதுவே போதுமான தண்டனை.

இருந்தும் பேராக்கின் சிறுபட்டணங்களில் தொண்டர் படைகள் விடாமல் இருக்கின்றன. மணி அடித்ததும் கோப்பிக் கடை தவுக்கே கல்லாவைப் பூட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறார். அவர் உயரத்தை யாரும் அளப்பதில்லை, தொப்பையையும் கண்டுகொள்வதில்லை.