சைக்கிள் உறுப்பியல்: புதுக்கோட்டைப் பாடம்

எழுத்து, சொல், பொருள் மூன்றுக்கும் இலக்கணம் செய்த தொல்காப்பியர் செயின், கிராங், பிரீவீல் மூன்றையும் தொடாமல் விட்டுவிட்டார். பின்னால் வந்த பவணந்தியாரும் அந்தக் குறையை நிரப்பவில்லை. ஆகவே சாலைச் சைக்கிளின் உறுப்பும் மலைச் சைக்கிளின் உறுப்பும் தரத்தில் எப்படி ஒன்றுக்கொன்று நிகராகும் என்ற நெடுநாள் ஐயத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வைத்துத் தீர்க்கும் பொறுப்பு இக்கட்டுரையின் தலையில் விழுந்திருக்கிறது. ஏன் புதுக்கோட்டை என்று கேட்பவர்கள் சற்றே பொறுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் மேலே படிக்க மாட்டார்கள்.

முதலில் பிறர் கூற்று. கத்திக்குப் பேர்போன ஜப்பானிய நகரமான சக்காயில் 1921-ல் ஷோசாபுரோ ஷிமானோ ஒரு பட்டறை திறந்தார். அங்கே பிறந்த முதல் சரக்கு பிரீவீல். பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் உருளும்படி செய்கிறதே, இறக்கத்தில் கிர்ரென்று சத்தம் போடுமே, அதுதான். அந்தப் பட்டறையின் வழிவந்த நிறுவனம் இன்று சைக்கிள் உறுப்புகளை இரண்டு கொடிவழியாகப் பிரித்து விற்கிறது. சாலை வழியில் கீழிருந்து மேலாகக் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ். மலை வழியில் ஆல்டஸ், ஏசிரா, அலிவியோ, டியோர், எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி, எக்ஸ்டிஆர். சாலைக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் எண்ணே பெயராக இருப்பதைக் கவனிக்க. பெயர் சூட்டு விழாவன்று பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லை போலும்.

உலகோர் ஒப்பிய சமன்பாடு இது: டூரா-ஏஸுக்கு எக்ஸ்டிஆர், அல்டெக்ராவுக்கு எக்ஸ்டி, 105-க்கு எஸ்எல்எக்ஸ், டியாக்ராவுக்கு டியோர். அதற்குக் கீழே கணக்கு கொஞ்சம் கலங்கும். சோராவை அலிவியோவோடு நிறுத்துபவர்களும் உண்டு, அது அலிவியோவுக்குச் செய்யும் மரியாதை என்பவர்களும் உண்டு. இந்த வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை.

தலையிட வேண்டிய இடம் வேறு. பின்சக்கரத்தில் ஒன்பது பல்சக்கரம் இருந்த காலம்வரை இரு குடும்பமும் பெரும்பாலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. சாலைக்காரரின் கியர் நெம்புகோலை மலைக்காரரின் டீரெய்லரோடு, அதாவது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடும் உறுப்போடு, பூட்டினால் செயின் சொன்ன இடத்துக்குப் போய் உட்காரும். பத்தாவது பல்சக்கரம் வந்தபோது கம்பி இழுபடும் அளவை ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டார்கள், சம்பந்தம் முறிந்தது. கடைசியில் 2023-ல் நிறுவனமே முன்னின்று ‘க்யூஸ்’ என்ற புதுப் பெயரைக் கொண்டுவந்து, கீழ்ப்படியில் இருந்த பல பெயர்களை அதன் கீழே திரட்டத் தொடங்கியது. இத்தனை படி தேவையில்லை என்பதை உண்டாக்கியவர்களே ஒப்புக்கொண்ட இடம் இது.

சரி, மேற்படியில் ஏறினால் என்ன கிடைக்கும்? எடை குறையும். கியர் மாற்றும்போது சத்தம் குறையும். பையிலிருக்கும் பணம் மிக வேகமாகக் குறையும். 2021-ல் வந்த டூரா-ஏஸில் கியரை இழுக்கும் கம்பியே கிடையாது. பொத்தானை அமுக்கினால் பேட்டரி கியரை மாற்றிக்கொள்கிறது. மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு இதில் ஒரு நடுக்கம் இருப்பது இயல்பு. ஆயுள் கூடுமா என்றால், அதுதான் இல்லை. எடையைக் குறைப்பதற்காக உச்சப்படியின் பெரிய பல்சக்கரங்களை டைட்டானியத்திலும் அலுமினியத்திலும் செய்கிறார்கள், கீழ்ப்படியில் எல்லாம் உருக்கு. உருக்கு நின்று உழைக்கும். விலை ஏற ஏற உழைப்பு குறையும் பண்டத்தை உயர்ந்த படி என்று அழைக்கும் வழக்கத்தை ஆலங்குடிச் சந்தையில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

இனி திணை ஆய்வு. மலைச் சைக்கிள் குறிஞ்சிக்கு உரியது, ஐயமில்லை. ஆனால் புதுக்கோட்டையில் குறிஞ்சி எங்கே? நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை என்று பெயரில் மலைக்குக் குறைவில்லை. நார்த்தாமலையில் மட்டுமே மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று ஒன்பது குன்றுகளை எண்ணிச் சொல்வார்கள். சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிப் போனபோது சிந்திய துண்டுகள் என்பது ஊர்க்கதை. ஆனால் எல்லாம் வழவழப்பான கருங்கல் பாறை. எக்ஸ்டிஆர் பூட்டிய வண்டியாக இருந்தாலும் அடிவாரத்தோடு சரி, அதற்கு மேல் நடைதான். அந்த வண்டிக்கு ஸ்டாண்டு இல்லாததால் அதை மரத்தில் சாத்திவிட்டு, சாய்ந்துவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஏற வேண்டும்.

சாலைச் சைக்கிளின் நிலைமை இன்னும் பரிதாபம். தொல்காப்பியத்தில் தார்ச்சாலைக்குத் திணை இல்லை. திருச்சியிலிருந்து கீரனூர் வழியாக வரும் நெடுஞ்சாலையில் மட்டும் அதன் விரற்கடை அகல டயர் நிம்மதியாக ஓடும். ஊருக்குள் திரும்பினால் செம்மண். செம்மண்ணோடு சீமைக்கருவேல முள். சாலை டயரில் அடைத்த காற்றின் அழுத்தம் 80 முதல் 100 பிஎஸ்ஐ வரை இருக்கும். முள்ளுக்கு அதைவிடச் சுகமான இலக்கு வேறில்லை. மலைச் சைக்கிளின் தடித்த டயரில் டியூபை எடுத்துவிட்டு, துளையைத் தானே அடைத்துக்கொள்ளும் பால் ஊற்றி ஓட்டினால் முள் தோற்கும். இரு வழிகளையும் ஒப்பிட்டு எழுதுவோர் பல் எண்ணிக்கையைப் பேசுகிறார்கள், முள் எண்ணிக்கையைப் பேசுவதில்லை.

இங்கேதான் மூன்றாவது வண்டி நுழைகிறது. பார் வைத்த கறுப்புச் சைக்கிள். 1949-ல் முருகப்பா குழுமம் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தந்த ஹெர்குலிஸ், வடக்கே சோனிபட்டிலிருந்து அட்லஸ், லூதியானாவிலிருந்து ஹீரோ என்று வந்த வண்டி. எந்தக் கொடிவழியிலும் சேராதது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல். மாற்றுவதற்கு வேறு பல் கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். நவீன மலைச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 51 பல்லில் செயினைப் போட்டு ஒரு சுற்று மிதித்தால் வண்டி 1.4 மீட்டர் நகரும். அதுதான் அதன் மிக இளகிய கியர். சாலைச் சைக்கிளில் முன்னால் 50, பின்னால் 11 என்று மிகக் கடினமான கியரில் ஒரு சுற்றுக்கு 9.5 மீட்டர். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 5.45. நம்முடைய பார் சைக்கிள் 28 அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு ஓடுவது ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். நான்கு விரற்கடை வித்தியாசம்கூடத் தேறவில்லை. அஃதாவது, மலைக்கும் சாலைக்கும் நேர்நடுவான புள்ளியில் நம் பால்காரர் பல காலமாக மிதித்துக்கொண்டிருக்கிறார். ஏழு ராகங்களின் சுரக்கோவைகளைக் குடுமியான்மலைப் பாறையில் வெட்டிவைத்த மரபு இம்மாவட்டத்தினுடையது. இந்தப் பின்னத்துக்கும் பக்கத்தில் ஒரு முழ இடம் ஒதுக்கியிருக்கலாம்.

ஏன் புதுக்கோட்டை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். இந்த வண்டியின் உறுப்புகளுக்கு நடந்த மிகப் பெரிய களச்சோதனை இங்கேதான் நடந்தது. 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னெடுத்தார். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் அதில் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் வந்து எழுதினார். ஒரே ஆண்டில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 விழுக்காடு கூடியதாகக் கடைக்காரர் ஒருவர் அவரிடம் சொன்னார். அதுவும் குறைத்துச் சொன்ன கணக்காகவே இருக்கும், ஏனென்றால் வந்தவர் விற்பனை வரி அதிகாரியோ என்று கடைக்காரருக்குச் சந்தேகம். புள்ளியியலில் பிழை வரம்பு என்று ஒன்று சொல்வார்கள். அதற்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைக்காது.

லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் ஓட்டும் பார் சைக்கிளையே வாங்கினார்கள். வாங்கியபின் அதுவே வசதி என்றார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்தக் குழாயில் பிள்ளையை உட்காரவைக்கலாம், பின் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். பந்தயச் சைக்கிளைச் செய்பவர்கள் அதே குழாயைக் கரிநாரில் வார்த்துக் கிராம் கிராமாக எடை குறைக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளை உட்கார்ந்தால் தாங்குமா என்ற சோதனையை அவர்கள் விளம்பரத்தில் காணோம்.

இக்கட்டுரையின் நடு நாயகமான கண்டுபிடிப்பு இதிலிருந்தே பிறக்கிறது. ஷிமானோவின் இரு கொடிவழியிலும், அதற்குப் போட்டியான ஸ்ராம், கம்பக்னோலோ பட்டியல்களிலும் தேடினாலும் கிடைக்காத ஓர் உறுப்பு உண்டு. அதன் பெயர் கேரியர். புல்லுக்கட்டு, சிமெண்டு மூட்டை, வடகாட்டுப் பலாப்பழம், டபுள்ஸ் வரும் மைத்துனர் ஆகிய நால்வகைப் பாரத்தையும் சுமப்பது அது. ஊரில் யாராவது கியர் சைக்கிள் வாங்கினால் செய்யும் முதல் வேலை கேரியர் மாட்டுவது. இரண்டாவது ஸ்டாண்டு. ஆறு மாதம் கழித்து டீரெய்லர் வளைந்து செயின் கழலத் தொடங்கியதும், கடைக்காரரிடம் சொல்லி அதைக் கழற்றிவிட்டு, செயினை வெட்டி ஒரே பல்லில் போட்டு ஓட்டுவது மூன்றாவது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் கண்டது. சாலைச் சைக்கிளும் மலைச் சைக்கிளும் திரிந்தால் பார் சைக்கிளாகும் என்பது நாம் கண்டது.

இதற்கு ஒரே விதிவிலக்கு பதினொன்றாம் வகுப்பு மாணவன். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்குமாக விரிந்த விலையில்லா மிதிவண்டி கைக்கு வந்த வாரமே, மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றி அதைப் பந்தய வண்டியாக்கிவிடுவான். அவன் கல்லூரிக்குப் போனபின் அதே வண்டியை அப்பா எடுத்துக்கொள்வார். கேரியர் திரும்ப வந்துவிடும்.

சைக்கிள் கடையில் இன்றும் தரம் நான்கே படிதான். ‘கம்பெனி’, ‘லூதியானா’, ‘லோக்கல்’, கடைசியாக ‘இப்போதைக்கு ஓடும்’. எந்தப் படியாக இருந்தாலும் “எவ்வளவு நாளண்ணே வரும்?” என்று கேட்டால், “ஓட்டுறதப் பொறுத்துதாம்பி” என்ற ஒரே விடைதான். ஷிமானோவின் ஏழு படிகளும் இந்த விடையைத் தாண்டி ஒன்றும் சொல்லிவிடவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வளவுக்கும் பிறகு கியர் சைக்கிள்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு: நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போவதென்றால் சோராவோ டியாக்ராவோ போதும். செம்மண்ணிலும் கண்மாய்க் கரையிலும் ஓட்டுவதென்றால் டியோர் தாராளம். அதற்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எடைக்குக் கொடுப்பது. எதை வாங்கினாலும் கேரியர் பூட்ட ஃபிரேமில் துளை இருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள்.