மீதி தண்ணிதானே!

இடம்: தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்குச் சற்று முன்னால். நேரம்: விடியற்காலை நாலரை. வண்டி: பைனான்ஸ்காரன் பிடுங்கி, புனேயில் ஏலம் விட்ட பன்னிரண்டு சக்கர லாரி. நெற்றியில் வாடிய சாமந்தி மாலை. ஓனருக்கு வயது இருபத்தாறு, எம்.பி.ஏ. டிரைவருக்கு அறுபத்து மூன்று, ஓனரின் அப்பாவிடம் முப்பது வருடம் ஓட்டியவர்.

ஓனர்: ஏன் மாமா உருட்டிக்கிட்டே போறீங்க? பால்காரர் டிவிஎஸ் வண்டியில நம்மளத் தாண்டிப் போறாரு.

டிரைவர்: திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டு வேற போறான் கண்ணு. நான் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன். 20க்கு மேல முள்ளு ஏற மாட்டேங்குது. டீக்கடை வரைக்கும் முக்கி முனகியாவது வந்துச்சு. ஆஃப் பண்ணி மறுபடி எடுத்ததுல இருந்து இந்தக் கூத்துதான்.

ஓனர்: ஆப்புல எல்லாம் பச்சையாத்தானே காட்டுது! இன்ஜின் ஓகே, டயர் ஓகே...

டிரைவர்: கடைசியா எப்ப பேசுச்சாம் வண்டி உன் ஆப்புகிட்ட?

ஓனர்: (திரையைத் தேய்த்து) பிப்ரவரி... வண்டியச் சீஸ் பண்ண அன்னைக்கு.

டிரைவர்: அன்னைக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்.

ஓனர்: கிண்டல் வேண்டாம் மாமா.

டிரைவர்: உங்கப்பா 1992ல எடுத்தாரே ஒரு வண்டி, அது நின்னுச்சுன்னா டீசல்ல ஏர் புடிச்சிருக்கும். கைப்பம்பை நாலு குத்து. நட்டைக் கொஞ்சம் தளத்துனா நுரை நுரையா வரும். நுரை நின்னதும் முடுக்கு. உறுமிக்கிட்டு எந்திரிச்சுரும். அதுக்கு ஆப்பும் கெடையாது, சோப்பும் கெடையாது.

ஓனர்: ஊரையே கரியாக்கிட்டும் போகும். உங்க இருமல் எங்கிருந்து வந்துச்சாம்?

டிரைவர்: அது பீடி.

ஓனர்: 2020 ஏப்ரல்ல இருந்து புதுசா விக்கற வண்டியெல்லாம் பிஎஸ் 6 மாமா. சூடான புகையில யூரியாத் தண்ணியத் தெளிச்சு, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாவும் தண்ணியாவும் மாத்தி வெளிய விடணும். அது ஒழுங்கா நடக்கலைன்னா மொதல்ல விளக்குப் போட்டுக் காட்டும். கண்டுக்காம ஓட்டுனா இழுவையில கால்வாசியக் கொறைக்கும். அப்பவும் கேக்கலைன்னா 20 கிலோமீட்டர்ல கட்டிப் போட்டுரும்.

டிரைவர்: பைனான்ஸ் கம்பெனிக்காரன் வளத்த வண்டி, அப்படித்தான் இருக்கும். மொதல்ல நோட்டீஸு, அப்புறம் ஆளு, அப்புறம் சாவி.

ஓனர்: விளக்கு எதுவும் எரிஞ்சுதா?

டிரைவர்: என்ன விளக்கு?

ஓனர்: மஞ்சக் கலர்ல. இந்தா, டேஷ்போர்டுல இவ்வளவு பெரிய பொட்டு வெச்சிருக்கீங்களே, இதுக்கு அடியில என்னமோ மினுக்குது.

டிரைவர்: கோலாப்பூர் மகாலட்சுமி கோயில் குங்குமம். ராத்திரி பூரா அந்த விளக்கு கண்ணைக் குத்துச்சு. கொஞ்சம் எண்ணெயில குழைச்சு அது மேலயே வெச்சேன்.

ஓனர்: கோலாப்பூர்ல இருந்தா! எழுநூறு கிலோமீட்டருக்கு மேல ஆச்சு!

டிரைவர்: சித்ரதுர்கா தாண்டி ஒரு மேட்டுல இழுவையும் கொறஞ்சுது. புதுக் கட்டுத்தறிக்குப் போற மாடு கொஞ்சம் அடம் புடிக்கத்தானே செய்யும்னு விட்டுட்டேன்.

ஓனர்: இருங்க. கோலாப்பூர்ல நான் காசு குடுத்தேனே, இருபது லிட்டர் யூரியாத் தண்ணி வாங்கி ஊத்தச் சொல்லி?

டிரைவர்: ஊத்துனேன்.

ஓனர்: நீல மூடியிலதானே?

டிரைவர்: நீல மூடியிலதான்.

ஓனர்: முழுசா இருபது லிட்டர்?

டிரைவர்: (ஸ்டியரிங்கில் படிந்த தூசியைத் துண்டால் மூன்றாவது தடவையாகத் துடைக்கிறார்) இருபது லிட்டர் ஊத்துனேன் கண்ணு. வாங்குனது பத்து.

ஓனர்: மீதிப் பத்து?

டிரைவர்: புனேயில வெச்சு நீதானே பாடம் நடத்துன? நூத்துக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா, மீதி தண்ணின்னு. மீதி தண்ணிதானேன்னு தாபாக் குழாய்ல புடிச்சேன். தண்ணிக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?

ஓனர்: உப்பெல்லாம் நீக்குன தண்ணி மாமா அது! குழாய்த் தண்ணிய ஊத்துனா தெளிக்கற ஊசி அடைச்சுக்கும். கலப்படம் பண்ணுனா கண்டுபுடிக்க டேங்குக்குள்ள சென்சாரே இருக்குது!

டிரைவர்: இப்பத் தாண்டிப் போனானே, அவன் கேனுக்குள்ள வெக்க வேண்டிய சென்சாரு.

ஓனர்: மிச்சக் காசு?

டிரைவர்: மாலை, எலுமிச்சம்பழம், தொப்பூர் எறக்கத்துக்கு ஒரு பூசணிக்காய். எல்லாம் உன் வண்டிக்குத்தான். நான் ஒரு பீடிக்கட்டுதான் வாங்குனேன்.

(வண்டியை ஓரங்கட்டியதும் ஓனர் இறங்கிப் போய்ச் சேலம் மெக்கானிக்கிடம் போனில் பேசிவிட்டு வருகிறான். வீட்டிலிருந்து மூன்று தவறிய அழைப்புகள் கிடக்கின்றன.)

ஓனர்: டேங்கைச் சுத்தமா வடிச்சு, கழுவி, நல்லதா ஊத்தணுமாம். அப்புறம் லேப்டாப்பை மாட்டித்தான் இந்தக் கோளாறை அழிக்கணுமாம். ஆள் வர ரெண்டு மணி நேரம் ஆகும். அப்பா ஏழு மணிக்கு வடைமாலை சொல்லியிருக்காரு மாமா!

டிரைவர்: நம்ம நாமக்கல் ஆஞ்சநேயர்தானே? தலைக்கு மேல கூரைகூட இல்லாம, 18 அடி ஒசரத்துல மழைக்கும் வெயிலுக்கும் அசையாம நிக்கறவரு. மத்தியானம் வரைக்கும் நிப்பாரு. உங்கப்பாதான் நிக்க மாட்டாரு.

ஓனர்: அவருக்கு என்னன்னு சொல்றது?

டிரைவர்: வண்டி புகை விடலைன்னு சொல்லு. பொய் இல்லையே?

(ஓனர் போனை எடுக்காமல் நிற்கிறான். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்து பாதி அறுத்த பிளாஸ்டிக் கேனை இழுக்கிறார்.)

ஓனர்: இது எதுக்கு?

டிரைவர்: வடிக்கறப்ப புடிக்க. நடுரோட்டுல அரளி எப்படி வாடிக் கெடக்குது பாரு. யூரியா கலந்த தண்ணியை யாராச்சும் கீழ கொட்டுவாங்களா கண்ணு?