கடலடியில் கிறுகிறுப்பு

கேள்வி: ஸ்கூபா டைவர்களுக்குத் தண்ணீருக்குள் தலைசுற்றுவது ஏன்? சிலிண்டரில் காற்று குறைவதாலா?

பதில்: சிலிண்டர் மேல் பழி வேண்டாம்; பெரும்பாலும் தகராறு காதில்தான்! 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இருமடங்காகிறது. மேலே ஏறும்போது நடுக்காதில் விரியும் காற்று, தொண்டைக்குப் போகும் குழாய் வழியே வெளியேற வேண்டும். சளியால் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால் இரு காதுகளிலும் அழுத்தம் வேறுபடும். உடனே மூளை, உடம்பே சுழல்வதாக முடிவுகட்டிவிடும். ஸ்வீடனின் கிளேஸ் லுண்ட்கிரென் 1965இல் இதை விவரித்தார்.

ஒரு காதில் மட்டும் குளிர்நீர் புகுந்தாலும் இதே கதிதான்.

சுற்ற ஆரம்பித்ததும் பதறி மேலே பாயக் கூடாது. கயிற்றைப் பற்றிக்கொண்டு, கூட வந்தவருக்குச் சைகை காட்டி, ஓரிரு மீட்டர் கீழே இறங்கினால் பெரும்பாலும் சீக்கிரமே தெளிந்துவிடும். மேல் எது, கீழ் எது என்று குழம்பினால் மூச்சுக் குமிழிகளைப் பார்க்க வேண்டும். அவை மேலேதான் போகும்.

கரையேறிய பிறகும் சுற்றல், வாந்தி, காது மந்தம் இருந்தால் விஷயம் வேறு. உட்காது கிழிந்திருக்கலாம், அல்லது நைட்ரஜன் குமிழி அடைத்திருக்கலாம். குமிழி என்றால் அழுத்த அறையில் ஆக்சிஜன் சிகிச்சை, கிழிசல் என்றால் படுக்கை ஓய்வு, சிலருக்கு அறுவை சிகிச்சை. எதுவென்று மருத்துவரே சொல்ல வேண்டும். தாமதித்தால் கேட்கும் திறனே போய்விடலாம்.

சளி பிடித்த நாளில் தயவுசெய்து கடலில் குதிக்காதீர்கள்.