'ரைட்' எத்தனை ரைட்? ஒத்தொலிச் சொற்கள் குறித்த ஓர் ஆய்வு

ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல் என்று திரிசொல்லை நன்னூல் என்றோ பிரித்துவைத்துவிட்டது. காதுக்கு ஒன்றாகவும் கண்ணுக்கு நாலாகவும் திரியும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் பவணந்தியார் பார்வையில் படவில்லை. அக்குறை களையவே இவ்வாய்வு.

முதற்சான்று 'ரைட்'. சரி என்றாலும் ரைட், எழுது என்றாலும் ரைட், சடங்கும் ரைட், கப்பல் தச்சன் பெயரின் வாலில் ஒட்டியிருப்பதும் ரைட். எழுத்தோ நான்கு விதம். ஆய்வுக்களம் டவுன் பஸ். விசிலைத் தொலைத்த கண்டக்டர் படியில் நின்று "ரைட், ரைட்" என்கிறார். முதலெழுத்து ஆரா, டபிள்யூவா என்று எந்த டிரைவரும் திரும்பிக் கேட்டதற்குச் சான்றில்லை. வண்டி கிளம்புகிறது. ஆகவே இந்நோய் காதில் இல்லை, தாளில் இருக்கிறது. அதுவும் சிவப்பு மைப் பேனாவுடன் ஒருவர் எதிரே உட்கார்ந்தால் மட்டுமே முற்றுகிறது.

ஊமை எழுத்துகள் பிறவி ஊமைகள் அல்ல. இரவான 'நைட்'டும் குதிரைவீரனான 'நைட்'டும் முன்பு வேறு வேறாகவே ஒலித்தன. வீரனுக்கு முன்னால் 'க்' என்று வாய்விட்டே சொன்னார்கள். 1476-இல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சுக்கோப்பவர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே கோத்துக்கொண்டிருக்க, ஊர் நாக்கு தன்போக்கில் போயிற்று. 17-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் 'க்' வாயைவிட்டுக் கழன்றது. தாளிலோ, வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி இன்றும் குடியிருக்கிறது.

1919-இல் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் ஒத்தொலிச் சொற்களுக்கென்றே தனிப் பிரசுரம் எழுதி, இவை மொழிக்குத் தொல்லை என்றார். சொற்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இனி 'ஸ்டேஷனரி'. அசையாமல் நிற்பதற்கு 'ஏ', எழுதுபொருளுக்கு 'இ'. "என்வலப்புக்கு இ, அதை ஞாபகம் வெச்சுக்கோ" என்பது டியூஷன் சூத்திரம். வேரைத் தோண்டினால் சூத்திரம் ஆட்டம் காண்கிறது. மூட்டை சுமந்து ஊரூராகத் திரிந்த வியாபாரிகளுக்கு நடுவே, இடைக்கால ஐரோப்பாவில், பெரும்பாலும் பல்கலைக்கழகங்களை ஒட்டி, ஒரே இடத்தில் கடை போட்டு நூல் விற்றவரே ஸ்டேஷனர். கடை அசையாததால் வந்த பெயர்.

எனவே, நம்மூர்ப் பள்ளிக்கூட வாசலில் 'ஏ' போட்டுத் தொங்கும் ஸ்டேஷனரி போர்டைக் கண்டு சிரிப்பது ஆய்வு நெறிக்கு முரண். கடை அங்கேயேதான் நிற்கிறது; போர்டு சரி.