பதினைந்து நாள் சிங்கப்பூர்க்காரர்

ஜூலை பிற்பாதியில் கோயம்புத்தூர், வேலூர், சென்னைப் புறநகர் என்று எந்தப் பொறியியல் கல்லூரி விடுதிக்குப் போனாலும் அவரைச் சந்திக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். அட்டை நம்மூர்க் கல்லூரியுடையது. நாடா மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடையது. பேச்சை "அங்கெல்லாம்..." என்றுதான் ஆரம்பிப்பார். எங்கெல்லாம் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால், மெஸ் மூடும்வரை நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியே வர முடியாது.

அவர் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு முடித்தவர். கோடை விடுமுறையில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டறைக்குப் போய்வந்தவர். தங்கியது பதினைந்து நாள். திரும்பிய முதல் வாரம் அது "ரெண்டு வாரம்" ஆக இருந்தது. ஆகஸ்டில் "கிட்டத்தட்ட ஒரு மாசம்" ஆயிற்று. வேலைவாய்ப்பு நேர்காணல்கள் தொடங்கியபோது "நான் சிங்கப்பூர்ல இருந்தப்போ" என்று நிலைபெற்றது. அதில் பொய் என்று ஒரு எழுத்தும் இல்லை.

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கும் ஊர். ஜனவரியிலும் புழுக்கம், ஜூலையிலும் புழுக்கம், நடுநடுவே மழை. கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குவதால் அதற்கு முந்தைய மாதங்களில் வகுப்பறையும் விடுதி அறையும் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடத்துக்குத்தான் 'கோடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சென்னை வெயிலுக்குத் தப்பி வந்ததாக நினைத்துக்கொண்டு சாங்கி விமான நிலையக் கதவைத் தாண்டியவரின் மூக்குக்கண்ணாடி, வெளியே கால் வைத்ததும் ஆவி படிந்து மங்கியது. சைதாப்பேட்டையிலும் இப்படித்தான்.

பெட்டி கட்டிய கதை தனி. அப்பா கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் என்று அடுக்கிக்கொண்டே போனார். சூயிங்கம்முக்கு அங்கே 1992 முதல் தடை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கசகசாவும் கொண்டுபோகக் கூடாது என்பதை யாரோ முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது உண்மைதான்; அந்த ஊர்ப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் பட்டியலில் கசகசா இருக்கிறது. குருமாப் பொடியில் என்னென்ன போட்டோம் என்று அம்மாவும் பாட்டியும் ராத்திரி பன்னிரண்டு மணிவரை வாதாடினார்கள். கடைசியில் பொடி வீட்டிலேயே தங்கிவிட்டது.

போய் இறங்கிய முதல் நாள் கையில் விழுந்த சில்லறைக் காசைத் திருப்பிப் பார்த்தார். 'சிங்கப்பூர்' என்று தமிழில் எழுதியிருந்தது. ரயிலில் ஏறினால் தமிழில் அறிவிப்பு. சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசை. வெளிநாடு வந்த திருப்தியே இல்லாமல் தவித்தவருக்கு ஆறுதலாகக் கிடைத்தது, காப்பிக்கடை.

அங்கே 'கோப்பி' என்று சும்மா கேட்டால் கட்டிப்பாலும் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத சுண்டிய பால். 'காவ்' சேர்த்தால் ஸ்ட்ராங், 'போ' சேர்த்தால் லைட், 'பெங்' என்றால் ஐஸ், 'சியூ தாய்' என்றால் சர்க்கரை கம்மி. சர்க்கரையே வேண்டாம் என்றால் 'கொசோங்'. மலாய் மொழியில் அதற்கு வெறுமை, பூஜ்யம் என்று பொருள். ஹொக்கியனும் மலாயும் கலந்த இந்தப் பாஷையைக் கேட்டு நம்மவர் சிலிர்த்துப்போனார். மூன்று வருடமாகப் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதியும் விளங்காத ஒன்று, ஒரு டாலர் சொச்சத்தில் விளங்கிவிட்டது: கோப்பி என்பது ஃபங்ஷன், மற்றதெல்லாம் ஆர்க்யுமென்ட், ஒன்றும் சொல்லாவிட்டால் டீஃபால்ட், கொசோங் என்பது நல். பின்னால் வரிசையில் நின்ற ஏழு பேருக்கு இந்த ஆனந்தத்தில் பங்கில்லை.

அடுத்த அதிர்ச்சி சாப்பாட்டு அங்காடியில். காலி மேஜை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்துக் கைதுடைக்கப் போனவரை, தட்டோடு வந்த பெரியவர் ஒருவர் முறைத்தார். டிஷ்யூ இருந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று. அதற்குப் பெயர் 'சோப்' போடுவது. அன்றிரவே அறை நண்பர்களைக் கூட்டி வைத்து, ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் வரும் மியூட்டெக்ஸ் பூட்டு இதுதான் என்று விளக்கினார். ஒருவன் கையில் பூட்டு இருக்கும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும். கண்டுபிடிப்பு நியாயமானதுதான். ஆனால் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த தாத்தாவின் பேரன் இதற்காக நாலாயிரம் ரூபாய் டாக்ஸி பிடித்து சென்னை விமான நிலையம்வரை போயிருக்க வேண்டியதில்லை.

அம்மா தினம் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிடுவார். அங்கே அப்போது மணி பன்னிரண்டு.

"என்னடா தம்பி, தூங்கிட்டியா?"

"அம்மா, இங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி. எத்தனை தடவை சொல்றது?"

இந்த நேரக் கணக்கில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிய நாள் 1981 டிசம்பர் 31. அன்று இரவு பதினொன்றரை அடித்ததும் அடுத்த நொடி நள்ளிரவு, புத்தாண்டு. அந்த ஊரின் வரலாற்றில் அந்த அரை மணி நேரம் நடக்கவே இல்லை. கணினிகளில் இருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இது இன்றும் ஒரு வரியாக இருக்கிறது. நம்மவர் இதை அம்மாவிடம் இருபது நிமிடம் விளக்கினார். "அப்போ அந்நேரம் பொறந்த குழந்தைக்கு ஜாதகம் எப்படிடா எழுதுவாங்க?" என்று அம்மா கேட்டார். இத்தனை கூர்மையான கேள்வியைப் பட்டறையில் யாரும் கேட்கவில்லை.

பட்டறையிலும் பாடம் நடக்காமல் இல்லை. பேராசிரியரை எல்லாரும் 'ப்ராஃப்' என்கிறார்கள். மரியாதை குறைகிறதே என்று நம்மவர் 'ப்ராஃப் சார்' என்று அழைத்தார். பதினைந்து நாளும் அப்படியே. தேர்வுக்கு முந்தின இரவுகளில் அவரைக் காப்பாற்றிய 'விஷுவால்கோ' தளம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹாலிம் 2011இல் தொடங்கியது என்று தெரிந்ததும், குலதெய்வம் கோயில் இருக்கும் ஊருக்குத் தற்செயலாக வந்துவிட்டவர்போல நெகிழ்ந்தார். பிரதமராக இருந்த லீ சியன் லூங், கேம்பிரிட்ஜில் கணிதத்தோடு கணினி அறிவியலும் படித்தவர், தான் சி++ மொழியில் எழுதிய சுடோகு நிரலை 2015இல் பொதுவில் வெளியிட்டார் என்ற செய்தியை அங்கே கேட்டார். அன்று முதல் நம்மூர் அமைச்சர்கள் எவரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "அவருக்கு சுடோகு போடத் தெரியுமா?" என்பது அவருடைய ஒரே அளவுகோல்.

குழுத் திட்டம் என்ன என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கேமராவில் முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு எடுக்கும் மென்பொருள். ஐந்து பேர் குழு. எழுதியது, தூக்கம் வராத ஒரு சீன மாணவர். நம்மவர் பொறுப்பு விளக்கப்படங்கள். செயல்முறை விளக்கத்தன்று அது நால்வரைச் சரியாக அடையாளம் கண்டது. நம்மவரை மட்டும் 'ஆளில்லை' என்றது. சான்றிதழ் எல்லாருக்கும் கிடைத்தது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசிக்கு முந்தின நாள், வகுப்பில் கை தூக்கி "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவர் பொது இடத்தில் சொன்ன முதல் உண்மை அது. இதை மட்டும் அவர் ஊரில் யாரிடமும் சொல்வதில்லை.

மற்றதெல்லாம் சொல்கிறார். லிங்க்ட்இன்னில் 'பணிவுடன் பகிர்கிறேன்' என்று தொடங்கும் பதிவு. கூடவே மெர்லயன் சிலையின் வாயிலிருந்து விழும் தண்ணீரைக் குடிப்பதுபோல் ஒரு படம். மெஸ்ஸில் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப் போய் வைக்கிறார். அங்கே 2021 முதல் அது சட்டம். மாஸ்டர் இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தார், மூன்றாம் நாள் பக்கத்து மேஜைத் தட்டுகளையும் காட்டினார். கல்லூரி வாசல் டீக்கடையில் ஒருநாள் நண்பர்கள் முன்னிலையில் "அண்ணே, ஒரு கோப்பி ஓ கொசோங்" என்றார்.

"என்ன தம்பி?"

"பால் வேணாம், சர்க்கரை வேணாம்ணே."

"கடுங்காப்பின்னு சொல்லேம்ப்பா. பன்னெண்டு ரூபா."

அது இருபது காசு டாலர்கூட இல்லை என்று மனக்கணக்குப் போட்டு அருகில் இருந்தவருக்கு அறிவித்துவிட்டு, காசை அவரையே கொடுக்கச் சொன்னார்.

வருகைப்பதிவு மென்பொருளை உலகத்தரத்துக்கு வளர்த்துக்கொண்டிருப்பதாக நேர்காணல்களில் சொல்கிறார். கிட்ஹப்பில் அதன் கடைசிப் பதிவு, சாங்கியில் அவர் விமானம் ஏறிய நாளின் காலையில் செய்யப்பட்டது. செய்தவர் அந்தச் சீன மாணவர்.