‘ஒரு தடவை கேட்டுப் பாரேன்’: பரிந்துரைப்போர் இயல் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பல் டாக்டரைப் பரிந்துரைப்பவர் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஓட்டலைப் பரிந்துரைப்பவர் ‘பொடி தோசை சொல்லு’ என்பதோடு விட்டுவிடுகிறார். நீள நீளமான பாட்டுகள் கொண்ட ப்ராக்ரஸிவ் ராக் ஆல்பத்தைப் பரிந்துரைப்பவர் மட்டும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இது ஏன்? எந்தப் பல்கலைக்கழகமும் இக்கேள்வியைச் சீண்டாத காரணத்தால், நிதியுதவி ஏதுமின்றி, சொந்தக் காதுகளைச் செலவிட்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

2. வகைப்பாடு

பரிந்துரைப்போர் இருவகைப்படுவர்: ‘கவனி’ என்போர், ‘கவனிக்காதே’ என்போர். முன்னவர் ப்ராக்ரஸிவ் ராக் மரபினர். பின்னவர், பின்னணியில் சும்மா ஒலிக்கும் ஆம்பியன்ட் இசை மரபினர். இரண்டையும் ஒரே மாலையில் சொல்வோரும் உளர். அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவது நலம்.

3. ‘கவனி’ மரபு

இம்மரபு 1969 அக்டோபரில் வெளிவந்த, கிங் கிரிம்சன் குழுவின் ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ ஆல்பத்தில் தொடங்குகிறது என்பது பெரும்பாலோர் கொள்கை. அதன் அட்டை முழுக்க ஒரு முகம் அலறுகிறது. அது பரிந்துரைக்கு ஆளானவரின் முகம் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

1972இல் யெஸ் குழு ‘குளோஸ் டு தி எட்ஜ்’ வெளியிட்டது. மொத்தம் மூன்றே பாட்டு. தலைப்புப் பாட்டு ஏறக்குறைய 19 நிமிடம் ஓடி, இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுசாக விழுங்கிவிடும். முதல் களப்பணி இதைக்கொண்டே நடந்தது. நண்பர் பாட்டைப் போட்டார். ஐந்தாம் நிமிடத்தில் ஆய்வாளர் தண்ணீர்ச் செம்பை நோக்கிக் கை நீட்ட, நண்பர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “இருடா, 12ஆவது நிமிஷத்துல ஒரு ஆர்கன் வரும் பாரு!” வந்தது. ஆனால் அது லண்டன் கிரிப்பிள்கேட்டில் உள்ள செயின்ட் ஜைல்ஸ் சர்ச்சில் பதிவான ஆர்கன் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

இப்போக்கைக் கேலியால் திருத்த முடியுமா? அதே ஆண்டு ஜெத்ரோ டல் குழு முயன்று பார்த்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, ஏறத்தாழ 44 நிமிடம். உறையே ஒரு முழு உள்ளூர்ச் செய்தித்தாள். பாட்டை எழுதியவன் எட்டு வயதுப் பொடியன் என்று ஒரு கட்டுக்கதை வேறு. ‘திக் ஆஸ் எ பிரிக்’ என்னும் இந்த நையாண்டியை ஜனங்கள் பயபக்தியோடு வாங்கி அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் உட்காரவைத்தார்கள். போலி ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் இதை நினைவில் வைத்தல் வேண்டும்.

அடுத்தது அடிக்குறிப்பின் ஆபத்து. பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரித’த்தில் சாஸ்திரங்கள் பற்றி ஓர் அடிக்குறிப்பு உண்டு. யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சன் அதைப் படித்தார். விளைவு, 1973இல் இரண்டு தட்டு, நான்கு பாட்டு, 80 நிமிடத்துக்கு மேல்: ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’. (இக்கட்டுரையில் அடிக்குறிப்பு தவிர்க்கப்பட்டதன் காரணம் இதுவே.) இதை மேடையில் வாசித்தபோது கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனுக்கே தாங்கவில்லை. மான்செஸ்டரில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே கறிச் சாப்பாடு வந்திறங்க, கீபோர்டு மேலேயே வைத்துச் சாப்பிட்டார். 1974இல் குழுவை விட்டே போய்விட்டார். வாசிப்பவருக்கே பசிக்கும் என்றால் செம்புத் தண்ணீர் கேட்டவன் செய்த குற்றம் என்ன?

4. ‘கவனிக்காதே’ மரபு

1920இல் பாரிஸில் இசையமைப்பாளர் எரிக் சாத்தி, நாற்காலி மேசைபோல் சும்மா இருக்கவேண்டிய இசை என்று ஒன்றை இடைவேளையில் வாசிக்கவைத்தார். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்கத் தொடங்கியது. ‘பேசுங்கள், நடமாடுங்கள்’ என்று அவர் கெஞ்சியும் பயனில்லை. கவனிக்காதே என்று வாய்விட்டுச் சொன்னால் கவனித்துவிடுவார்கள் என்பது இதனால் பெறப்படும்.

1975இல் லண்டனில் டாக்ஸி மோதிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. பார்க்க வந்த தோழி ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஈனோ சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டுவிட்டுப் படுத்தார். ஒலி மிகக் குறைவு. ஒரு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. மறுபடி எழுந்து கூட்டத் தெம்பில்லை. மழைச் சத்தத்தோடு சத்தமாக ஹார்ப் கலந்து கேட்டது. இசை இப்படியும் இருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அறிஞர்கள் இங்கே ஹார்ப்பைப் பார்க்கிறார்கள், மழையைப் பார்க்கிறார்கள். தோழி போய்விட்டதை யாரும் பார்ப்பதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எழுந்து ஒலியைக் கூட்டியிருப்பார். ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்திருப்பார். ஆம்பியன்ட் இசை கருவிலேயே போயிருக்கும்.

5. இறுதிக் களப்பணி

மேற்கண்ட கருதுகோளைச் சோதிக்க, ஈனோவின் 1978ஆம் ஆண்டு ஆல்பமான ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தேர்ந்தெடுக்கப்பட்டது. நீளம் மாறுபட்ட டேப் சுருள்கள் தம்பாட்டுக்குச் சுற்றிச்சுற்றி வந்து, ஒன்றோடொன்று புதிது புதிதாகச் சேர்வது அதன் உத்தி. ஆய்வாளர் யாரிடமும் எதுவும் சொல்லாமல், கூடத்தில் ஒலியைக் குறைத்துப் போட்டுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனார்.

திரும்பி வந்தபோது மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பக்கத்து வீட்டுல யாரோ பியானோ பழகுறாங்க போல. பாவம், நாலு நோட்டைத் தாண்ட மாட்டேங்குது பிள்ளை.”

தோல்வி என்று குறிப்பேட்டில் பதியப்பட்டது.

மறுநாள் மாலை அதே நேரம். அதே இடம். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மனைவி கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னைக்கு அந்தப் பிள்ளை வாசிக்கலையா?”

1978, டேப் சுருள், பிரையன் ஈனோ என்று மூன்று வாக்கியங்கள் ஆய்வாளரின் நாக்கு நுனிவரை வந்தன. அவர் எழுந்துபோய்த் தட்டை ஓடவிட்டார். பிறகு, கொடியில் துணி எதுவும் இல்லாதபோதும், மாடிக்குப் போனார்.